பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தம்பி சண்டை: அப்பா போய்ப் பேசலாமா?

#1 தோட்டத்துக்காரன்

வணக்கமுங்க. கோபிப் பக்கம் கிராமம். எங்க தோட்டத்துக்கு மேக்கால அண்ணன் தம்பி ரெண்டு பேரோட தோட்டம். 1998-ல பாகம் பிரிச்சாங்க. முன் பாகம் அண்ணனுக்கு, பின் பாகம் தம்பிக்கு. இட்டேரில இருந்து தம்பி தோட்டத்துக்குப் போக அண்ணன் நிலத்து ஓரமா ஒரு வண்டித்தடம் உண்டு. 25 வருசத்துக்கும் மேல டிராக்டர், மாட்டுத் தீவன வண்டி எல்லாம் அதுலதான் போகுது. போன மாசம் கெணத்து மோட்டார் முறையில ஆரம்பிச்ச பேச்சு முத்திப்போயி, அண்ணன் தடத்துக்குக் குறுக்க கல்லு நட்டுக் கம்பி கட்டிட்டாரு.

இப்ப என் பிரச்சனை. பெரியவர் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க ஊட்டுக்கு வர்றாரு. அவரு போனதும் எட்டு மணிக்குச் சின்னவரு. ரெண்டு பேரும் எங்கப்பாவ மாமான்னுதான் கூப்பிடுவாங்க. அப்பாவுக்கு 72 வயசு, ஊர்ல நாலு பேரு மதிக்கிற ஆளு. "நான் போயி ரெண்டு வார்த்த சொன்னா முடிஞ்சுரும்டா"ங்கறாரு. நான் வேண்டாங்கறேன். சின்னவரு ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீசுக்குக் குடுக்க ஒரு மனு எழுதி வெச்சிருக்காரு, அதுல அப்பா சாட்சிக் கையெழுத்துப் போடோணுமாம். இதே மனுவுல மூணாவது தோட்டத்துக்காரர் ஒருத்தர் ஏற்கெனவே போட்டுட்டாரு.

அப்பா போலாமா, வேண்டாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

#2 புளியமரத்தடி

வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதைதான். அப்பாகிட்ட சொல்லுங்க, ஓணான் ஒண்ணு இல்ல, ரெண்டு.

#3 மூணாவது மாடி

சென்னையில அடுக்குமாடிச் சங்கத்துக்கு ரெண்டு வருஷம் செயலாளரா இருந்தவன் பேசறேன். ரெண்டாவது மாடிக்காரருக்கும் நாலாவது மாடிக்காரருக்கும் கார் பார்க்கிங் தகராறு. தூணை ஒட்டி நிறுத்தினா பக்கத்து வண்டிக் கதவு திறக்காது, அதுதான் விஷயம். நான் டேப் வெச்சு அளந்து, "தப்பு நாலாவது மாடி சார் மேலதான்"னு வாட்ஸ்ஆப் குரூப்ல எழுதினேன். அளவு எழுதினது சரி. "தப்பு யார் மேல"ன்னு எழுதினது என் தலையெழுத்து.

அந்த வருஷம் நவராத்திரிக்கு ரெண்டாவது மாடி வீட்டுக் கொலுவுக்கு நாலாவது மாடி அம்மா போய்ச் சுண்டல் வாங்கிட்டு வந்தாங்க. அவ்வளவுதான், சண்டை முடிஞ்சு போச்சு. அடுத்த பொதுக்குழுவுல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து, லிஃப்ட் ரிப்பேர் பில்லுக்குக் கணக்கு எங்கேன்னு என்னைக் கேட்டாங்க. கணக்கு இருந்தது, காமிச்சேன். ஆனா இன்னிக்கு வரைக்கும் லிஃப்ட்ல என்னைப் பார்த்தா ரெண்டு பேருமே போனை எடுத்துப் பார்க்கிறாங்க.

சண்டை போட்டவங்களுக்குச் சேர ஒரு சாக்கு வேணும். பல சமயம் நடுவுல வந்தவன்தான் அந்தச் சாக்கு.

#4 பழைய கணக்குப்பிள்ளை

தம்பி, நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். பாதைத் தகராறு எத்தனை பார்த்தேன் என்று கணக்கில்லை. உங்கள் அப்பா தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியமே இதில் இல்லை. காகிதத்திலும் சட்டத்திலும் பதில் ஏற்கெனவே இருக்கலாம்.

முதலில் 1998 பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சொத்து விவரத்தில் "வண்டித்தடம் பொதுவில்" என்று ஒரு வரி இருக்கிறதா? பத்திரம் தொலைந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். அந்த வரி இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. 1882-ஆம் வருட வழியுரிமைச் சட்டம், பிரிவு 13. கூட்டுச் சொத்தைப் பாகம் பிரிக்கும்போது, ஒரு பங்கை அனுபவிக்க இன்னொரு பங்கு வழியாகப் போயே தீர வேண்டும் என்றால் அந்த வழி அவருக்கு உரிமை. ஆனால் வேறு பாதை கிடைத்துவிட்டால் இந்த அவசிய உரிமை நிற்காது. அதனால் தம்பி நிலத்துக்குப் பின்பக்கம் வேறு வழி உண்டா என்பது முக்கியமான கேள்வி. அதே சட்டத்தில் பிரிவு 15, தடையில்லாமல் 20 வருடம் உரிமையாகப் பயன்படுத்தி வந்த வழியைப் பற்றியது. அண்ணன் தம்பி இருவரும் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அது அனுமதியா உரிமையா என்று வக்கீல்கள் வருடக்கணக்கில் இழுப்பார்கள், அது வேறு.

மனுவில் கையெழுத்து மட்டும் வேண்டாம். படிக்காமல் போடவே வேண்டாம். அந்த மனுவில் "பிரதிவாதி அடியாட்களோடு வந்து மிரட்டினார்" என்று மூன்றாவது பாராவில் ஒரு வரி இருக்கும். எல்லா மனுவிலும் இருக்கும். உங்கள் அப்பா தடத்தைப் பார்த்திருப்பார், அடியாளைப் பார்த்திருக்க மாட்டார். கையெழுத்து இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

#5 தோட்டத்துக்காரன்

கணக்குப்பிள்ளை அய்யா, நூறு நன்றிங்க. மனுவ வாங்கிப் படிச்சேன். மூணாவது பாரா இல்லீங்க, நாலாவது பாரா. "கொலை மிரட்டல்"னே போட்டிருக்குது. பெரியவர் அன்னைக்குக் கம்பி கட்டறப்ப வாயில பீடிய வெச்சுட்டு ஒண்ணுமே பேசலைங்க, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்.

இன்னொரு சிக்கல். பீரோவுல தேடுனப்பத்தான் அப்பா சொல்றாரு, 1998 பத்திரத்துல சாட்சிக் கையெழுத்தே அவருதானாம்! அப்ப அவரு ஏற்கெனவே இதுல உள்ளதானுங்களா?

#6 பழைய கணக்குப்பிள்ளை

பயப்படாதீர்கள். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து என்பது எழுதிக் கொடுத்தவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன் என்பதற்கு மட்டும்தான். உள்ளே எழுதியிருப்பது சரி என்று உத்தரவாதம் கொடுத்ததாக ஆகாது. நீதிமன்றம் சம்மன் அனுப்பினால் போய், பார்த்ததைச் சொல்லிவிட்டு வரலாம். அது தலையிடுவது ஆகாது, கடமை. கூப்பிடாத வீட்டுக்குப் போய் நியாயம் சொல்வதுதான் வேறு.

இன்னொன்று. மனு ஆர்டிஓ வரைக்கும் போனால், நிலத்தால் அமைதி கெடும் என்று முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 145 போடுவார்கள், ஆட்களை அடக்க 107. இப்போது புதிய சட்டத்தில் அவை 164, 126. 2024 ஜூலை 1 முதல் எண்தான் மாறியது, அலைச்சல் மாறவில்லை. அண்ணன், தம்பி இருவரும் ஒரே நாளில் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். மனுவில் பெயர் உள்ளவர்களையும் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள்.

#7 கிளுவைக் கதியால்

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். எங்கட ஊரில வேலிச் சண்டைக்குக் குறைச்சல் இல்லை. கிளுவை, பூவரசு கதியால் நட்டு வேலி அடைக்கிற ஊர். வருசா வருசம் வேலி அடைக்கேக்க ஒரு கதியாலை நாலு விரல் தள்ளி நட்டாக் காணும், பத்து வருசத்தில ஒரு பாத்தி போயிடும். கதியாலும் வேர் விட்டு "நான் எப்பவும் இஞ்சதான் நிண்டனான்" எண்டு நிக்கும். அதால வேலி அடைக்கிற அண்டைக்கு ரெண்டு வீட்டுக்காரரும் அங்கனதான் நிப்பினம்.

என்ர அம்மம்மா வீடு சரியா ரெண்டு சண்டைக்காரருக்கு நடுவில. அம்மம்மாவுக்கு ஒரு பழக்கம். ஆர் வந்து என்ன சொன்னாலும் தேத்தண்ணி குடுப்பா, முழுக்கக் கேப்பா. கேட்டு முடிய, "இந்த முறை பனை எப்பிடி, பாளை வந்திட்டுதே?" எண்டு கேப்பா. வந்த ஆள் கொஞ்ச நேரம் முழிச்சுப்போட்டு பனையைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார். இஞ்ச கேட்டதை அங்க சொன்னதே இல்லை, நல்ல வார்த்தையைக்கூட. நான் ஒருநாள் கேட்டன், "அவர் உங்களை நல்லவர் எண்டு சொன்னவர் எண்டு சொன்னா என்ன குறைஞ்சு போகும்?" எண்டு. "இண்டைக்கு நல்லதைக் கொண்டு போனா நாளைக்குக் கெட்டதையும் கொண்டு வா எண்டுவினம்" எண்டா.

உங்கட அப்பா கட்டாயம் ஏதாவது செய்யவேணும் எண்டா, ரெண்டு பேரையும் முறைப்படி இருக்கிற இடத்துக்கு அனுப்பலாம். எங்களுக்கு 1988-ஆம் ஆண்டு சட்டத்தில வந்த மத்தியஸ்த சபை இருக்கு. மூண்டு பேர் இருந்து கேப்பினம். ஒராளை இவர் தெரிவு செய்வார், ஒராளை அவர், அந்த ரெண்டு பேரும் சேர்ந்து தலைவரை. ஒருத்தருக்கும் "அவன்ர ஆள்" எண்டு சொல்ல வாய் வராது.

#8 கயல்மீன்

எல்லாரும் நல்லா சிரிச்சுக்கிட்டே "ஒதுங்கு, ஒதுங்கு"ன்னு சொல்றீங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

எனக்குக் கல்யாணமாகி மதுரையில ஒரு லைன் வீட்டுல மூணு வருஷம் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம் கேக்கும், அப்படின்னா என் சத்தம் அவங்களுக்கும் கேட்டிருக்கும்ல? ஒருத்தரும் வரலை. காலையில தண்ணி பிடிக்கப் போனா எல்லாரும் குடத்தையே பார்ப்பாங்க. "அது புருஷன் பொண்டாட்டி விஷயம், நமக்கெதுக்கு." புத்திசாலிங்க.

அஞ்சாவது வீட்டுல ஒரு ஆச்சி மட்டும். செட்டிநாட்டுப் பக்கம், தனியா இருந்தாங்க. சத்தம் பெருசாகும்போது வந்து கதவைத் தட்டுவாங்க. "உறைமோர் இருக்கா தாயீ?" ராத்திரி பதினோரு மணிக்கு உறைமோர். வேற ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாங்க. நான் கிண்ணத்துல ஊத்திக் குடுக்கிற அந்த ரெண்டு நிமிஷத்துல வீடு அமைதியாயிடும். ஒரு வாரத்துல மூணு தடவை உறைமோர் வாங்கின ஆச்சி அவங்க.

அண்ணன் தம்பி தடத்துச் சண்டையும் இதுவும் ஒண்ணுன்னு நான் சொல்லலை. ஆனா "அடுத்தவன் சண்டை"ங்கிற ஒரே பையில ரெண்டையும் போடாதீங்க.

#9 புளியமரத்தடி

சகோதரி, மன்னிக்கணும். நான் ஓணான் சொன்னது அந்த அர்த்தத்துல இல்ல.

#10 நேர்கோடு

வருத்தமா இருக்குங்க. ஆனா நடைமுறையும் பார்க்கணும். இப்படிப் போய்த் தட்டினா நாளைக்கு அந்தப் புருஷன் நம்ம மேலயே கேஸ் குடுப்பான். அந்தம்மாவும் "எங்களுக்குள்ள ஒண்ணுமில்லையே"ன்னு சொல்லிடுவாங்க. நானே ரெண்டு தடவை பார்த்திருக்கேன்.

#11 கயல்மீன்

"ஒண்ணுமில்லை"ன்னு நானும் சொல்லியிருக்கேன். ஏன்னா வந்து கேட்டவர் போயிடுவார். நான் அதே வீட்டுலதான் ராத்திரி படுக்கணும். அதைப் பொய்னு நினைச்சு ரெண்டாவது தடவை வராம போனவங்கதான் அதிகம்.

#12 பழைய கணக்குப்பிள்ளை

நேர்கோடு அவர்களுக்கு: கேஸ் பயம் பாதி தவறு. 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பிரிவு 4. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். உறவாக இருக்க வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது உரிமையியல் வழக்கும் வராது, குற்றவியல் வழக்கும் வராது என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது. பெண்கள் உதவி எண் 181-க்கு போன் செய்யலாம். உடனடி ஆபத்து என்றால் 112. குழந்தை என்றால் 1098.

நான் பணியில் இருந்தபோது ஒரு வீட்டு விஷயத்தில் "குடும்பச் சண்டை" என்று திரும்பி வந்திருக்கிறேன். அதற்குமேல் எழுத விருப்பமில்லை.

#13 அரைநாள் விடுப்பு

கயல்மீன் அக்கா சொன்ன ஆச்சி மாதிரியே 2008-ல டிவியில ஒரு விளம்பரம் வந்துது, ஞாபகம் இருக்கா? பெல் பஜாவோன்னு. பக்கத்து வீட்டுல அடி சத்தம் கேக்கும், ஒருத்தர் போய் மணியை அடிச்சு பால் மாதிரி ஏதோ ஒண்ணு கேப்பார். அறிவுரை ஒண்ணும் சொல்ல மாட்டார். ஆச்சிக்கு யாரும் விளம்பரம் காட்டியிருக்க மாட்டாங்க.

#14 செய்யுள் வாத்தியார்

விடுமுறையில் இருப்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பங்காளிச் சண்டைக்கு நடுவில் போனவர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கோவூர் கிழார். நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான், உள்ளே நெடுங்கிள்ளி. இரண்டு பேரும் சோழர். கோவூர் கிழார் போய்ச் சொன்னதைக் கவனியுங்கள் (புறநானூறு 45). யார் பக்கம் நியாயம் என்று அவர் சொல்லவே இல்லை. எதிரில் நிற்பவன் பனம்பூ சூடிய சேரனும் இல்லை, வேம்பு சூடிய பாண்டியனும் இல்லை, உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்கிறார். இரண்டு பேரும் ஜெயிப்பது நடக்காத காரியம் என்றும் சேர்த்துச் சொல்கிறார். தீர்ப்பு இல்லை, கணக்கு மட்டும்.

ஆனால் எனக்குப் பிடித்தது இன்னும் இரண்டு பாட்டுத் தள்ளி வருகிறது. இளந்தத்தன் என்று ஒரு புலவர் நலங்கிள்ளியிடம் இருந்து உறையூருக்குள் போகிறார். பரிசில் வாங்கித்தான் போயிருப்பார், பாவம். நெடுங்கிள்ளி அவரை ஒற்றன் என்று முடிவு கட்டிக் கொல்லப் போகிறான். கோவூர் கிழார் மறுபடி பாட்டுப் பாடிக் காப்பாற்றுகிறார். இந்தத் தோட்டத்தில் இருந்து அந்தத் தோட்டத்துக்குப் போகிறவனுக்கு அப்போதும் அதே பெயர்தான்.

அந்த நெடுங்கிள்ளிக்குக் "காரியாற்றுத் துஞ்சிய" என்று அடைமொழி. துஞ்சிய என்றால் இறந்த என்று பொருள். ஆக, 45-ஆம் பாட்டால் சண்டை அடியோடு நின்றுவிட்டது என்று நான் வகுப்பில் சொல்வதில்லை.

இன்னொரு வகை ஆளும் உண்டு. இரண்டாம் பாட்டில் வரும் சேரமான் பெருஞ்சோற்று உதியன் சேரலாதன். ஐவருக்கும் நூற்றுவருக்கும் போர். அவன் எந்தப் பக்கமும் சேரவில்லை, இரண்டு படைக்கும் சோறு போட்டான் என்று பழைய உரை. உயிரோடு இருந்தவர்களுக்குப் போட்டானா, இறந்தவர்களுக்குப் படைத்தானா என்று ஆய்வாளர்களுக்குள் ஒரு சண்டை இருக்கிறது. அதில் நான் தலையிடுவதாக இல்லை.

#15 மூணாவது மாடி

வாத்தியார் ஐயா, பெருஞ்சோறு போட்டவனுக்கு யாராவது கணக்குக் கேட்டாங்களா?

#16 நேர்கோடு

கயல்மீன் அவர்களுக்கு. நான் பார்த்த ரெண்டு தடவையில ஒண்ணு எங்க எதிர்வீடு. "ஒண்ணுமில்லை"ன்னு அந்தம்மா சொன்னப்புறம் நான் போகலை. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

#17 தோட்டத்துக்காரன்

ரெண்டு மாசம் கழிச்சு எழுதறேன், கோவிச்சுக்காதீங்க. மஞ்ச வேவிக்கற வேலையில மாட்டிக்கிட்டேன்.

அப்பா கையெழுத்துப் போடலைங்க. சின்னவருக்கு ரொம்ப வருத்தம், பத்து நாள் ஊட்டுப் பக்கம் வரலை. அப்பா அவருகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு: "பத்திரத்து நகல் வாங்கிப் பாரு சாமி." அதையே பெரியவருகிட்டயும் சொன்னாரு, ஒரு எழுத்துக் கூட்டாம கொறைக்காம. "நான் போயி ரெண்டு வார்த்த"ங்கறத நிறுத்த வெக்கத்தான் எனக்கு உசுரு போச்சு. யாழ்ப்பாணத்து அண்ணன் எழுதுனதப் படிச்சுக் காட்டுனேன். சிரிச்சுட்டு, "அந்தம்மா கெட்டிக்காரி"ன்னாரு.

நகல் வந்துச்சு. 12 அடி வண்டித்தடம் பொதுவிலன்னு சுத்தமா எழுதியிருக்குது. அதப் பாத்ததும் பெரியவர் கம்பிய அவுத்துட்டாருன்னு நெனைக்கறீங்களா? இல்லைங்க. அதுக்கப்பறம்தான் இன்னும் கோபம். மனு ஆர்டிஓ ஆபீசுக்குப் போச்சு, விசாரணைக்கு வரச்சொன்னாங்க, ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்தாங்க. கணக்குப்பிள்ளை அய்யா சொன்ன அதே பெஞ்சு. அங்க நாலாவது பாராவ சத்தமாப் படிச்சிருக்காங்க, கொலை மிரட்டல்னு. பெரியவர் தம்பியப் பாத்து, "நானாடா?"ன்னு மட்டும் கேட்டாராம். தம்பி தலையக் குனிஞ்சுட்டு, "நான் எழுதலீங்ணா, அந்த வரி அவரு சொல்லிப் போட்டது"ன்னு மூணாவது தோட்டத்துக்காரரக் கையக் காட்டியிருக்காரு.

மதியம் ரெண்டு பேரும் ஒரே வண்டில ஊருக்கு வந்தாங்க. கம்பி இருந்த எடத்துல இப்ப ஒரு படல் வெச்சிருக்காங்க, ஆடு வராம இருக்கறதுக்காம். மோட்டார் முறை இன்னும் இழுபறிதான், அதுக்கு லோக் அதாலத்துல எழுதி வாங்கிக்கலாம்னு பேச்சு.

#18 பழைய கணக்குப்பிள்ளை

நல்லது. லோக் அதாலத்தில் இருவரும் ஒத்துக்கொண்டு வாங்கும் தீர்வு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. அதனால் எந்தக் கிழமை யாருக்கு, எத்தனை மணி நேரம், கரண்ட் போனால் அந்த நேரம் யார் கணக்கில் என்பது வரைக்கும் எழுதச் சொல்லுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100.

#19 புளியமரத்தடி

அந்த மூணாவது தோட்டத்துக்காரர் கதி என்னங்க?

#20 தோட்டத்துக்காரன்

அதயேன் கேக்கறீங்க. ரெண்டு ஊட்டுலயும் பேச்சில்லை. அவரு தோட்டத்துக்குப் போற குறுக்குவழி சின்னவர் வரப்புலதான், அதையும் அடைச்சுட்டாங்க. ஊர்ல காதுகுத்து விருந்துல அவரு பந்திக்கு வந்தா இவங்க எந்திரிச்சுப் போறாங்க. நல்லது செய்யணும்னுதான் அவரும் போனாரு, அது எனக்குத் தெரியும்.

நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க ஊட்டுக்கு வந்தாரு. திண்ணைல உக்காந்து, "மாமா, நீங்க சொன்னா ரெண்டு பேரும் கேப்பாங்க, எனக்காக ஒரு வார்த்த பேசுங்க"ன்னாரு. அப்பா உள்ள திரும்பி அம்மாகிட்ட காபி வெக்கச் சொன்னாரு.

#21 கிளுவைக் கதியால்

பிறகு?

#22 தோட்டத்துக்காரன்

பொறகு கீழ்பவானி வாய்க்கால்ல இந்த வருசம் தண்ணி எப்ப உடுவாங்கன்னு பேசிட்டு இருந்தாங்க. எட்டு மணி வரைக்கும்.